பரீட்சை எழுதலாம், பட்டம் கிடையாது



போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பொது அறிவுப் புத்தகம் கட்டாயம் இருக்கும். அதில் ‘முதல் பெண்மணிகள்’ என்றொரு பட்டியலும் இருக்கும். இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞர் யார்? கார்னிலியா சொராப்ஜி. கேள்வியும் விடையும் சேர்ந்தே ஒரு வரிதான். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். நவம்பர் 15 அவருடைய பிறந்தநாள். அந்த ஒரு வரிக்குள் அடங்காத அவருடைய வாழ்க்கையைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும் என்று தோன்றியது.

1866இல் நாசிக்கில் பிறந்தவர் கார்னிலியா. அப்பா சொராப்ஜி கர்செட்ஜி, பார்சி சமூகத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்து பாதிரியாரானவர். அம்மா பிரான்சினா, ஓர் ஆங்கிலேயத் தம்பதி தத்தெடுத்து வளர்த்த பெண். பூனாவில் பள்ளிக்கூடம் நடத்தியவர். அவர்கள் வீட்டுக்கு யார் யாரோ யோசனை கேட்டு வருவார்கள். அப்படி ஒரு நாள் கத்தியவாரைச் சேர்ந்த ஒரு பெண்மணி அழுதுகொண்டே வந்தார். சொத்துள்ள குடும்பம், ஆனால் காரியஸ்தர் நீட்டிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்திட்டு, இருந்ததையெல்லாம் இழந்துவிட்டவர். அவர் போன பிறகு அம்மா மகளிடம், நீ சட்டம் படித்தால் இப்படிப்பட்டவர்களுக்கு உதவலாம் என்றாராம். கார்னிலியா பிற்காலத்தில் தன் நினைவுகளை எழுதியபோது, தான் வழக்கறிஞராக ஆசைப்பட்டது அந்த நாளிலிருந்துதான் என்று குறித்திருக்கிறார். எட்டு ஒன்பது வயதுக் குழந்தைக்கு அம்மா சொன்ன ஒரு வார்த்தை, அதற்குப் பிறகு ஐம்பது வருட உழைப்பைத் தாங்கி நின்றிருக்கிறது.

பூனா டெக்கான் கல்லூரியில் படித்து, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரியானார். தேர்வில் முன்னணியில் வந்தவர்களுக்கு இங்கிலாந்து சென்று படிக்க அரசாங்க உதவித்தொகை உண்டு. தனக்கு அது வந்திருக்க வேண்டும் என்றும், பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். சோர்ந்து உட்காராமல் அகமதாபாத் குஜராத் கல்லூரிக்குப் போய் ஆங்கில இலக்கியம் நடத்தினார். 1888ஆம் வருடம், இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு பெண், வகுப்பு முழுக்க ஆண் மாணவர்கள். அந்தக் காலத்தில் அந்த வகுப்பறைக்குள் நுழைய எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! அரசாங்கம் தராத பணத்தைப் பிறகு இங்கிலாந்தில் சிலர் சேர்ந்து திரட்டினார்கள். மேரி ஹாப்ஹவுஸ் என்ற பெண்மணி ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நன்கொடை கொடுத்தவர்களில் பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர். 1889இல் கார்னிலியா ஆக்ஸ்போர்டின் சோமர்வில் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு ஆதரவாக நின்றவர் பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவட். பெண்களுக்குச் சட்டம் எதற்கு என்று கேட்ட ஊரில் இந்தப் பெண்ணைச் சட்டப் படிப்பில் சேரச் செய்தவர்களில் அவர் முக்கியமானவர். ஆல் சோல்ஸ் கல்லூரியின் காட்ரிங்டன் நூலகத்துக்குள் பெண் ஒருவர் உட்கார்ந்து படித்ததும் கார்னிலியாவில்தான் தொடங்கியது. 1892இல் பி.சி.எல். என்ற சட்டப் பட்டத் தேர்வு வந்தது. ஆண்களோடு சேர்ந்து எழுத வேண்டாம், தனியறையில் எழுதட்டும் என்றார்கள். கார்னிலியா சம்மதிக்கவில்லை. தனியாக எழுதினால் அது பல்கலைக்கழகத் தேர்வே இல்லை என்று நாளை ஊரில் சொல்லிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் பல்கலைக்கழகச் சபை கூடி, அவர் ஒருவருக்காகவே தனித் தீர்மானம் போட்டு அனுமதித்தது. எழுதினார், தேறினார். ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதிய முதல் பெண் அவர்தான். மூன்றாம் வகுப்புதான் கிடைத்தது. அதில் அவருக்கு மனவருத்தம் உண்டு. ஆனால் எந்த வகுப்பாக இருந்தால் என்ன? பட்டத்தைத்தான் கொடுக்கவில்லையே! ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் தரத் தொடங்கியது 1920இல். கார்னிலியா கையில் அவருடைய பட்டம் வந்து சேர்ந்தது 1922இல். தேர்வு எழுதி முப்பது வருடம் கழித்து.

அந்த முப்பது வருடங்களைத்தான் பொது அறிவுப் புத்தகம் விட்டுவிடுகிறது. என் மனதில் அவர் உயர்ந்து நிற்பதோ அந்த முப்பது வருடங்களால்தான்.

லண்டனில் லீ அண்ட் பெம்பர்ட்டன் என்ற சட்ட நிறுவனத்தில் சில காலம் தொழில் பழகிவிட்டு 1893இல் நாடு திரும்பினார். ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்தவர், லண்டனில் பயிற்சி பெற்றவர். ஆனால் இங்கே எந்த நீதிமன்றத்திலும் பெயரைப் பதிவு செய்ய வழியில்லை. ஆங்கிலப் படிப்பு போதாது, இந்தியத் தேர்வு எழுதினால் பார்க்கலாம் என்ற நிலை. எழுதினார். 1897இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் எல்.எல்.பி. தேறினார். அப்போதும் கதவு திறக்கவில்லை. 1899இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் பிளீடர் தேர்வு. அதிலும் தேறினார். அங்கேயும் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நிபந்தனை. நிபந்தனையை நிறைவேற்றிக்கொண்டு வந்து நின்றால் இல்லை என்ற பதில். தகுதியே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதைவிட இது கொடியது என்று எனக்குப் படுகிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நம்பிக்கையைக் காட்டியே ஓர் ஆளின் இளமையைத் தின்றுவிடும் மறுப்பு இது.

நல்ல வேளையாக, பிரிட்டிஷ் நீதிமன்றங்களுக்கு வெளியே சுதேச சமஸ்தானங்கள் இருந்தன. கத்தியவாரிலும் இந்தோரிலும் அங்கிருந்த பிரிட்டிஷ் ஏஜண்டுகள், பர்தாவில் வாழும் பெண்களுக்காகத் தங்கள் முன் வாதாட அவருக்குச் சிறப்பு அனுமதி கொடுத்தார்கள். அவர் எழுதிய அந்தக் காலத்து அனுபவங்களில் ஒரு யானையின் வழக்கும் உண்டு. யானைக்கென்று விடப்பட்டிருந்த வாழைத்தோப்பு பறிபோய்விட்டது. யானையின் சார்பில் வாதாட வந்தவர் கார்னிலியா. நீதி வழங்க வேண்டிய ராஜா ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தார். வாதம் தொடங்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது: தன் நாய்க்கு இந்த அம்மாளைப் பிடித்துவிட்டது, ஆகவே வழக்கில் இவருக்கே வெற்றி! படிக்கும் நாம் சிரிக்கலாம். இரவெல்லாம் கண்விழித்துத் தயார் செய்த வாதத்தைச் சொல்லவே விடாமல் ஜெயிக்க வைத்துவிட்டார்களே என்ற ஏமாற்றம் அந்த இளம் வழக்கறிஞருக்கு. 1896இல் பூனாவில், கொலைக்குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணுக்காக பிரிட்டிஷ் நீதிமன்றத்திலேயே வாதாடினார். நீதிமன்றத்தின் தனி அனுமதி பெற்றுத்தான். வழக்கறிஞர் என்ற உரிமையில் அல்ல.

பர்தா முறை என்றால் முகத்தை மூடிக்கொள்வது மட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வங்காளத்திலும் பீகாரிலும் ஜமீன் குடும்பங்களில் அது ஒரு முழு உலகம். வீட்டின் உட்பகுதியில் பெண்கள். கணவன், தகப்பன், உடன்பிறந்தான் தவிர வேறு ஆணின் கண்ணில் படக்கூடாது. இந்துக்கள், முஸ்லிம்கள் என்ற வேறுபாடில்லாமல் உயர்குடிகளில் இந்த வழக்கம் இருந்தது. கணவன் இறந்துவிட்டால் சட்டப்படி அந்தப் பெண்ணுக்கு ஜீவனாம்ச உரிமை உண்டு. சில இடங்களில் நிலத்தின் மேலும் உரிமை உண்டு. தத்தெடுக்கும் உரிமை உண்டு. சிறு பிள்ளை வாரிசாக இருந்தால் அவனைக் காப்பாற்றும் பொறுப்பும் உண்டு. எல்லாம் காகிதத்தில். அந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் யார்? வக்கீல்கள் எல்லோரும் ஆண்கள். வந்தாலும் திரைக்கு வெளியே நிற்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் பேசுவது அதே பெண்தானா, வேறு யாராவதா என்றுகூட வக்கீலுக்குத் தெரியாது. காரியஸ்தர் போய்க் கேட்டுவந்து சொல்வதுதான் செய்தி. காரியஸ்தரே கொள்ளையடிப்பவராக இருந்துவிட்டால்?

நீதிமன்றங்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. பர்தாவில் வாழும் பெண் எழுதிக்கொடுத்த பத்திரத்தை ஒருவர் காட்டினால், அது அவளுக்குப் புரியும்படி படித்துச் சொல்லப்பட்டது, அவள் தெரிந்தேதான் கையெழுத்திட்டாள் என்று நிரூபிக்கும் பொறுப்பு பத்திரத்தைக் காட்டுபவருடையது என்று அப்போது இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புக்குத் தீர்ப்பு சொல்லிவந்தது. நல்ல விதிதான். ஆனால் ஏமாற்றப்பட்டவள் நீதிமன்றம் வரை வந்து சேர்ந்தால்தானே விதி அவளுக்கு உதவும்?

இந்த இடைவெளியில்தான் தன் வேலை இருக்கிறது என்று கார்னிலியா கண்டுகொண்டார். ஆண் வக்கீல் நுழைய முடியாத இடத்தில் பெண் வக்கீல் நுழையலாம். நீதிமன்றம் எந்தக் காரணத்தைச் சொல்லி அவரை வெளியே நிறுத்தியதோ, அதே காரணம் அந்தப்புரத்தின் வாசலை அவருக்குத் திறந்துவிட்டது. 1902 முதல் லண்டன் இந்தியா அலுவலகத்துக்கு விடாமல் எழுதினார்: ஜமீன்களை நிர்வகிக்கும் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் துறைக்குப் பெண் சட்ட ஆலோசகர் ஒருவர் தேவை. தேவையில்லை என்று சொன்ன அதிகாரிகள் பலர். 1904இல் வங்காளக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸில் அவரையே நியமித்தார்கள். சில வருடங்களில் பீகார், ஒரிசா, அஸ்ஸாம் பகுதிகளும் அவர் பொறுப்பில் வந்தன.

ரயிலிலும் படகிலும் பல்லக்கிலுமாக அலைந்தார். எங்கோ ஓர் ஆற்றங்கரை ஜமீனில், பல வருடமாக வெளி மனிதரையே பார்த்திராத விதவையோடு தரையில் உட்கார்ந்து, அவளுக்கு வரவேண்டிய பணம் எவ்வளவு, வருவது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார். மாமியார் மருமகள் சண்டையைத் தீர்த்தார். வாரிசான சிறுவனை யாராவது விஷம் வைத்துவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்த தாய்மாருக்குத் தைரியம் சொன்னார். பிள்ளைகளுக்கு வாத்தியார் ஏற்பாடு, நோயாளிகளுக்கு லேடி டாக்டர் ஏற்பாடு, இப்படிச் சட்டப் புத்தகத்தில் இல்லாத எத்தனையோ வேலைகள். ஏறக்குறைய இருபது வருடப் பணியில் அறுநூறுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் அவர் உதவியதாக மதிப்பிடுகிறார்கள். பலரிடம் கட்டணம்கூட வாங்கவில்லை. இத்தனையும் செய்தபோது அவர் பட்டம் இல்லாதவர். எந்த வழக்கறிஞர் பட்டியலிலும் பெயர் இல்லாதவர். 1909இல் அரசாங்கம் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. பதக்கம் கொடுக்க முடிந்தவர்களுக்குப் பதிவேட்டில் பெயர் எழுத மனம் வரவில்லை.

அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த அநீதியும் அல்ல இது. 1916இல் ரெஜினா குஹா என்ற பெண் சட்டப் பட்டத்தோடு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்தார். நீதிபதிகள் அமர்வாகக் கூடி ஆராய்ந்து, வழக்கறிஞர் சட்டம் பெண்களை மனதில் வைத்து எழுதப்படவில்லை என்று தள்ளிவிட்டார்கள். 1921இல் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில்தான். ரெஜினா, சுதான்சுபாலா என்ற பெயர்கள் பொது அறிவுப் பட்டியலில் இல்லை. தோற்றவர்களுக்குப் பட்டியலில் இடமில்லை அல்லவா! ஆனால் அவர்கள் துணிந்து மனுப் போட்டுத் தோற்ற வழக்குகள்தான், நீதிபதிகள் திறக்காத கதவைச் சட்டம் இயற்றித்தான் திறக்க வேண்டும் என்பதை எல்லோருக்கும் தெளிவாக்கின.

அந்தச் சில வருடங்களுக்குள் மாற்றங்களும் மளமளவென்று நடந்தன. 1919இல் இங்கிலாந்தில் பெண்களுக்கிருந்த தடை சட்டத்தால் நீங்கியது. 1921இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் மறுத்த அதே கார்னிலியாவை வக்கீலாகச் சேர்த்துக்கொண்டது. 1922இல் ஆக்ஸ்போர்டு பட்டம். 1923இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் பதிவு. அந்த வருட ஜனவரியில் அவருக்கு முன்பே அதே லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானவர் பம்பாயைச் சேர்ந்த இளம்பெண் மிதன் டாட்டா. கணக்குப் பார்த்தால் முதல் இந்தியப் பெண் பாரிஸ்டர் அவர்தான். அதே 1923இல் இந்தியாவிலும் சட்டம் வந்தது. பெண் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் வழக்கறிஞர் தொழிலிலிருந்து விலக்கக்கூடாது என்றாயிற்று. சென்னை உட்பட பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் அது பொருந்தியது.

1924இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது கார்னிலியாவுக்கு ஐம்பத்தேழு வயது. மற்றவர்கள் சீனியராகி ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில் இவர் ஜூனியர்! வழக்குகள் பெரிதாக வரவில்லை. வந்தவையும் அறையில் உட்கார்ந்து கருத்து எழுதிக்கொடுக்கும் வேலையாகவே இருந்தன. எழுந்து நின்று வாதாடும் வாய்ப்பு அபூர்வம். சட்டம் மாறிவிட்டது; உடன் இருந்தவர்களின் மனம் மாறவில்லை. 1929இல் தொழிலை விட்டுவிட்டு லண்டனுக்கே போய்விட்டார்.

அவரைப் பற்றி எழுதும்போது ஒன்றை மறைத்துவிட்டு எழுத எனக்கு விருப்பமில்லை. நாடு விடுதலைக்குத் திரண்டெழுந்த காலத்தில் கார்னிலியா எதிர்ப்பக்கம் நின்றார். பிரிட்டிஷ் ஆட்சி தொடர வேண்டும் என்று நம்பினார். காந்தியடிகளின் போராட்டத்தை எதிர்த்து எழுதினார், பேசினார். இந்தியாவைக் கேவலமாகச் சித்திரித்து அமெரிக்கப் பத்திரிகையாளர் கேத்தரின் மேயோ 1927இல் எழுதிய ‘மதர் இந்தியா’ நூலுக்கு ஆதரவு காட்டினார். நாடே கொதித்த புத்தகம் அது. அதன் பிறகு, இங்கே பெண்களுக்காக உழைத்த பலர் அவரிடமிருந்து விலகிப் போனார்கள். அந்த விஷயத்தில் அவர் செய்தது தவறு என்றே நான் நினைக்கிறேன். அந்தப்புரங்களில் அவர் பார்த்த துயரம் உண்மை. அந்தத் துயரத்தைத் தீர்க்க அந்நிய அரசாங்கத்தின் கை ஒன்றே போதும் என்று நம்பியதுதான் பிழை. அவருக்கு ஏறக்குறைய முப்பது வருடம் பதிவை மறுத்ததும் அதே அரசாங்கத்தின் நீதிமன்றங்கள்தானே! இருந்தும், இந்த ஒரு காரணத்தால் நாம் அவரை ஒதுக்கிவிடலாகாது. நமக்கு உவப்பான கருத்துகள் உள்ளவர்களை மட்டும்தான் நினைவில் வைப்போம் என்றால் நம் வரலாற்றில் பாதிப் பெண்களை இழந்துவிடுவோம்.

1954 ஜூலை 6 அன்று லண்டனில் காலமானார். வயது எண்பத்தேழு. லிங்கன்ஸ் இன்னில் அவருடைய மார்பளவுச் சிலை 2012இல் வைக்கப்பட்டது. ஆங்கிலம் படிக்கும் வாசகர்கள் அவருடைய ‘இந்தியா காலிங்’ நினைவுக் குறிப்புகளையும், அவருடைய அண்ணன் தம்பி வழியில் வந்த தத்துவப் பேராசிரியர் ரிச்சர்ட் சொராப்ஜி எழுதிய ‘ஓபனிங் டோர்ஸ்’ வாழ்க்கை வரலாற்றையும் தேடிப் படிக்கலாம். அவருடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. யாராவது ஓர் ஆய்வு மாணவி அவற்றைப் படித்துத் தமிழில் எழுத மாட்டாரா என்று எனக்கு ஆசை.

இத்தனையும் சொல்லிவிட்டு உங்களிடம் ஒரு காரியமும் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட அந்தப்புர வாழ்க்கை இன்று நம் ஊரில் இல்லை. படிக்காமல் கையெழுத்திடும் வழக்கம் இருக்கிறது. அப்பா காலமான பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, “சும்மா ஒரு கையெழுத்துதான் அக்கா, பட்டா மாத்தறதுக்கு” என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டும் வீடுகள் எத்தனை! சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், அண்ணன் தம்பி முகம் கோணக்கூடாதே என்று வாசித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டு வந்த சகோதரிகள் நம் வாசகர்களிலேயே இருப்பார்கள். மனமுவந்து விட்டுக்கொடுப்பது உங்கள் உரிமை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989இல் தமிழ்நாடும் 2005இல் மத்திய அரசும் கொண்டுவந்த திருத்தங்களால், பூர்வீகச் சொத்தில் மகனுக்குள்ள பங்கு மகளுக்கும் உண்டு.

பத்திரத்தைப் படித்து விளக்க வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வட்ட அளவிலும் குழுக்கள் இருக்கின்றன. உங்கள் ஊர் நீதிமன்றத்தில் விசாரித்தால் இடத்தைக் காட்டுவார்கள். தொலைபேசியில் கேட்க 15100 என்ற எண் இருக்கிறது. பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். பெண் வழக்கறிஞர் வேண்டுமென்றால் தயங்காமல் அதையும் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்